வள்ளத்துக் கணக்கில் ஒரு பெயர்

சனிக்கிழமை சாயங்காலம். வெயில் தணிந்துவிட்டது. மொட்டைமாடியில் காயப்போட்ட வற்றலை அள்ளிக்கொண்டு படியிறங்கினேன். கேட்டுக்கு வெளியே ஒரு ஆள் நின்றிருந்தான். கையில் சாக்குப்பை. அதன் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கடல் வாடை அவனுக்கு முன்னாலேயே வீட்டுக்குள் வந்துவிட்டது.

“நர்சம்மா பங்கு” என்றான்.

நாங்கள் சைவம். நான் பிறந்தது தாமிரபரணிக் கரையில், நாலு பக்கமும் நெல்வயல் சூழ்ந்த ஊர். முப்பத்தைந்து வருஷம் தூத்துக்குடியின் கடற்கரைத் தெருக்களில் அரசாங்க நர்சாக ஊசி போட்டிருக்கிறேன். ஆனாலும் மீன் வாடை வந்தால் இன்றைக்கும் முந்தானை மூக்குக்குப் போய்விடும்.

“ஏலே, அங்கனயே நில்லு. இந்த வீட்டுல மீன் ஆகாது. பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போ” என்று படியில் நின்றபடியே கத்தினேன். என் கத்தல் எங்கள் தெருவில் பிரசித்தம். பால்காரர் நான் பேசுவதை வைத்தே மணி சொல்வார்.

அந்த ஆள் போகவில்லை. சிரித்துக்கொண்டே பையைத் தரையில் வைத்து, கட்டை அவிழ்க்க ஆரம்பித்தான்.

பையில் என்ன இருந்தது என்று சொல்வதற்கு முன்னால், அந்தப் பங்கு எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பெருமை அடித்துக்கொள்கிறாள் என்பீர்கள். பெருமைதான் அடிக்கப்போகிறேன். அதை முறையாகச் செய்யலாம் என்றுதான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

உள்ளங்கையில் எழுதிய வார்த்தைகள்

அந்த ஆளின் பெயர் நிதாய். வங்காளத்துக் கடற்கரைக்காரன். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். மீன் கம்பெனி ஒன்றில் ஐஸ் உடைக்கிற வேலைக்காக இங்கே வந்தவன்.

கொரோனா வந்த முதல் வருஷம், ஊரடங்கு போட்ட சில நாட்களில் கம்பெனி மூடிவிட்டது. ரயில் கிடையாது. தகரக் கொட்டகை ஒன்றில் நாற்பது பேர் அடைந்து கிடந்தார்கள். வங்காளம், ஒடிசா, பீகார் என்று ஆளுக்கொரு பக்கம். அவர்களுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று தினமும் பார்க்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள். எனக்குத் தமிழ் தெரியும். திட்டுவதற்கு மட்டும் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். அவ்வளவுதான்.

யாரிடமோ கேட்டு, வங்காளத்தில் காய்ச்சலுக்கு என்ன, இருமலுக்கு என்ன, மூச்சுக்கு என்ன என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனேன். ஜ்வர். காஷி. ஷாஷ். முதல் ஆளின் நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டினேன். அது பார்ப்பதற்குத் துப்பாக்கி மாதிரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த மனுஷன் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டான். நான் பதறிப்போய் உள்ளங்கையைப் பார்த்தால், வியர்வையில் ஜ்வரும் காஷியும் சேர்ந்து ஒரே நீலமாகிவிட்டது.

அப்போது வரிசையில் பின்னால் நின்ற ஒருவன் முன்னால் வந்தான். தன் நெற்றியை என் பக்கம் நீட்டினான். பிறகு கூட்டத்தைப் பார்த்து அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். கை தூக்கினவனும் சிரித்தான். அவன்தான் நிதாய். கம்பெனியில் கொஞ்சம் தமிழ் பழகியிருந்தான். அன்றிலிருந்து என் உள்ளங்கைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து ரயில் விட்டதும் முக்கால்வாசிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். நிதாய் போகவில்லை. கடற்கரையோரமாக நடந்துபோனவன் வள்ளம் கரையேற்றும் இடத்தில் நின்றிருக்கிறான். அங்கே சங்குகுளிக்காரர்கள் வள்ளத்தை இழுத்துக்கொண்டிருந்தார்களாம். கேட்காமலேயே இவனும் ஒரு கை கொடுத்தானாம். கயிற்றைப் பிடித்த விதத்திலேயே கடல் தெரிந்தவன் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றைக்கே சோறும் போட்டுவிட்டார்கள்.

நான் அடித்த கூத்து

அடுத்த வருஷம் இரண்டாவது அலை வந்தது. அதைப்பற்றி அதிகம் எழுத எனக்குத் தெம்பில்லை. அந்தக் கடற்கரையில் சூசை அண்ணாச்சி என்று ஒருவர் இருந்தார். சங்குகுளிப்பவர்களில் அவருக்கு இருந்த நெஞ்சு வேறு யாருக்கும் கிடையாது என்பார்கள். காய்ச்சல் வந்த ஆறாவது நாள், மூச்சுக்குத் தவித்துப் போய்ச் சேர்ந்தார். ஊசி போட்டிருக்க வேண்டிய வயசு. நான்தான் போட்டிருக்க வேண்டும். அது இன்றுவரைக்கும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

அவர் போன பிறகு எனக்கு வெறியே பிடித்துவிட்டது. அந்தக் கடற்கரையில் ஒருவரை விடக்கூடாது என்று தெருவாரியாக, கதவு எண் வாரியாகப் பட்டியல் போட்டேன். நான் பிறந்த ஊரில் அப்படித்தான். தெருவைச் சொன்னால் வீடு, வீட்டைச் சொன்னால் ஆள்.

முதல் முகாமைப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வைத்தேன். ஆண்கள் எல்லோரும் கடலில். பெண்கள் ஏலக்கூடத்தில். பெஞ்சில் நானும், கணினியில் பதிவு செய்கிற செல்வியும், ஒரு நாயும்.

சரி, ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்களே என்று அடுத்த முகாமை ஞாயிறு வைத்தேன். நாலைந்து கிழவிகள் வந்தார்கள். கடலுக்குப் போகிற ஆள் ஒருவர்கூட வரவில்லை. ஊசி போட்டால் குடிக்கக்கூடாதாம், அதனால் வரமாட்டார்களாம் என்று செல்வி காதில் போட்டாள். எனக்கு வந்ததே கோபம்.

மறுநாள் நேரே வள்ளங்கள் நிற்கும் இடத்துக்குப் போனேன். அங்கே மிக்கேல் அண்ணாச்சி நின்றிருந்தார். ‘புனித அந்தோணி’ வள்ளத்துக்குச் சொந்தக்காரர். தானே முங்கிச் சங்கெடுப்பவர். அவர் சொன்னால் அந்தக் கரையே கேட்கும். இருபது பேருக்கு நடுவில் வைத்து அவரைப் பிடித்துக்கொண்டேன். சுறா திரிகிற கடலில் குதிக்கிறவருக்கு ஒரு ஊசியைக் கண்டு நடுக்கமா என்று கேட்டேன். ஒரு நாள் குடிக்காமல் இருக்க வக்கில்லையா என்றும் கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன், அதெல்லாம் அச்சில் ஏறாது.

அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த கயிற்றைச் சுருட்டி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

“நர்சம்மா, ஞாயித்துக்கெழம ஊசி போட்டா திங்கக்கெழம காச்ச வரும்லா? ஒருத்தனுக்குக் காச்ச வந்தா வள்ளம் எறங்காது. வள்ளம் எறங்கலன்னா ஆறு வீட்டுல அடுப்பு எரியாது. நீங்க தெருவ எண்ணுதீக. நாங்க வள்ளத்த எண்ணுதோம்.”

அவர் சொன்னது அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன். முப்பத்தைந்து வருஷ சர்வீசில் நான் வாயை மூடிக்கொண்டு வந்த நாட்களை ஒரு கை விரலுக்குள் அடக்கிவிடலாம்.

குழாய் பிடிக்கிற கை

இங்கே ஒரு பழங்கதை சொல்ல வேண்டும்.

மிக்கேல் அண்ணாச்சியின் அப்பா முத்துக்குளித்தவர். அந்தக் காலத்தில் இடுப்பில் கயிற்றைக் கட்டி, காலில் கல்லோடு இறங்குவார்களாம். கயிற்றின் மறுமுனையை வள்ளத்தில் நின்று ஒருவர் பிடித்திருப்பார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் உடனே இழுக்க வேண்டும். கண் அசந்தால் ஆள் போச்சு. அதனால் கயிற்றைப் பிடிப்பது எப்போதும் மச்சான்தான், பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். கூடப்பிறந்த அண்ணன் தம்பியைக்கூட நம்பமாட்டார்களாம். மச்சான் மட்டும் விடமாட்டான், ஏனென்றால் அக்காள் தாலி அவன் கையில் இருக்கிறது.

முத்துச் சிப்பி போய் எத்தனையோ காலமாகிவிட்டது. சங்கு மட்டும் இன்னும் இருக்கிறது. இப்போது கயிற்றுக்குப் பதில் காற்றுக் குழாய். வள்ளத்தில் கம்ப்ரெசர் ஓடும். குழாயின் முனையை வாயில் கவ்விக்கொண்டு எட்டு பாகம், பத்து பாகம், அதாவது ஐம்பது அறுபது அடி ஆழத்தில் தரையைத் தடவிச் சங்கெடுப்பார்கள். மேலே ஒருவன் குழாயைக் கையில் பிடித்தபடியே நிற்பான். மடங்கக்கூடாது, சிக்கக்கூடாது. கீழிருந்து இழுப்பு வந்தால் அவன் கைக்குத்தான் முதலில் தெரியும்.

சளி பிடித்தால் முங்க முடியாது, காது அடைத்துவிடும். காய்ச்சல் என்றால் கேட்கவே வேண்டாம். இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது அந்த வாரம்தான். முப்பத்தைந்து வருஷம் அவர்கள் கையில் ஊசி குத்தினேனே தவிர, அந்தக் கை என்ன வேலை செய்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் போனேன். அன்றைக்குத் திட்டினது தப்புதான் என்று எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன். எல்லோருக்கும் நடுவில்தானே திட்டினேன். பிறகு ஒரு புது நோட்டைப் பிரித்து, “வள்ளத்துக் கணக்கச் சொல்லுங்க அண்ணாச்சி, எழுதிக்கிடுதேன்” என்றேன்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு பக்கத்துக்கு ஒரு வள்ளம். ஒரு வரிக்கு ஒரு பெயர், பக்கத்தில் அவர் பார்க்கும் வேலை. ‘புனித அந்தோணி’யில் ஆறு பேர். மிக்கேல், சங்குகுளி. அவருடைய சித்தப்பா மகன், சங்குகுளி. ஷாகுல், எஞ்சின். வேம்பார்க்காரர் ஒருவர், உடன்குடிப் பக்கம் பனை ஏறிக்கொண்டிருந்தவர் ஒருவர், இரண்டு பேரும் சங்கு அள்ளிக் கட்டுகிற வேலை. ஆறாவது பெயர் நிதாய். வேலை, குழாய்.

“மச்சான் எங்கே?” என்று கேட்டேன்.

மச்சான் மஸ்கட்டில் கப்பலில் இருக்கிறாராம். ஒரு வருஷமாகக் குழாய் நிதாய் கையில்தான்.

பத்துப் பதினைந்து வள்ளங்களின் கணக்கை எழுதி முடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதிலிருந்த பெயர்களில் கால்வாசி என் தெருப் பட்டியலில் இல்லவே இல்லை. வெளியூர்க்காரர்கள், வெளிமாநிலத்தவர்கள், இலங்கையிலிருந்து வந்து அகதிகள் முகாமில் இருக்கிறவர்கள். அவர்களுக்குத் தெருவும் இல்லை, கதவு எண்ணும் இல்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு வள்ளம் இருந்தது.

‘புனித அந்தோணி’யில் வெள்ளிக்கிழமை ஷாகுல் தொழுகைக்குப் போக வேண்டும் என்று பன்னிரண்டு மணிக்கு முன்னால் கரை பிடித்துவிடுவார்கள். ஒரு ஆளுக்காக ஆறு பேர் அரை நாள் தொழிலை விடுவார்கள். யாரும் அதை ஒரு விஷயமாகப் பேசி நான் கேட்டதில்லை.

இறங்கிய சட்டைக் கைகள்

சனிக்கிழமை சாயங்காலம் வள்ளங்கள் கரைக்கு வந்ததும், கடற்கரையிலேயே ஊசி. காய்ச்சல் வந்தால் ஞாயிற்றுக்கிழமை வரட்டும், திங்கள் வள்ளம் இறங்கும். இதுதான் ஏற்பாடு. முதலில் ‘புனித அந்தோணி’. அது போட்டுக்கொண்டால் மற்ற வள்ளங்களும் போட்டுக்கொள்ளும்.

எங்கள் மருத்துவ அலுவலர் நல்ல மனுஷன்தான். ஆனால் அவருக்கும் மேலே ஆள் உண்டே. தடுப்பூசிக்கு ஊரெல்லாம் அடித்துக்கொண்ட நேரம் அது. இதுதான் கடைசி முறை, இன்றைக்கும் ஆள் வரவில்லையென்றால் இந்தக் கரைக்கான மருந்து வேறு ஊருக்குப் போய்விடும், பதிவேட்டில் ‘மறுப்பு’ என்று எழுத வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். மறுப்பு என்று எழுதிவிட்டால் அடுத்து எப்போது வருமோ. எனக்குச் சூசை அண்ணாச்சி முகம்தான் கண்ணில் நின்றது.

மூன்றரை மணிக்கு வள்ளம் வந்தது. மேஜை, செல்வி, கணினி, ஐஸ் பெட்டி எல்லாம் மணலில் தயார். ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார்கள். மற்ற வள்ளத்துக்காரர்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பதிவு முடியும் முன்பே குப்பியைத் திறந்துவிட்டேன். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், இல்லையென்றால் குப்பைக்குத்தான். இது என் அவசரப் புத்தி, வேறு யார் தப்பும் இல்லை.

ஐந்து பேர் பதிவாகிவிட்டது. நிதாய் முறை வந்தபோது செல்வி ஆதார் கேட்டாள். அட்டை ஊரில் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது என்றான். எண்ணும் தெரியவில்லை. செல்வி விரலை எடுத்துவிட்டாள். அட்டையைப் பார்க்காமல் ஏற்றினால் அவள் வேலை போய்விடும், தற்காலிக வேலை. அலுவலருக்குப் போன் போட்டேன். அட்டையைப் பார்த்தால்தான் போடலாம், அந்த ஒருவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், மற்ற ஐந்து பேருக்குப் போடுங்கள் என்றார். அதைத்தான் நானும் சொன்னேன். ஐந்து பேருக்குப் போட்டுவிடுவோம், நிதாய்க்குப் பிறகு பார்ப்போம் என்று.

முதலில் ஷாகுல் சட்டைக் கையை இறக்கிவிட்டார். அடுத்தது வேம்பார்க்காரர். அப்படியே ஒவ்வொருவராக. கடைசியில் மிக்கேல் அண்ணாச்சி.

“கோவிச்சுக்காதீக நர்சம்மா” என்றார். “எட்டு பாகத்துக்குக் கீழ நான் கெடக்கும்போது என் மூச்சு அவன் கையிலதான் இருக்கு. அவனுக்கு ஊசி இல்லன்னா இந்த வள்ளத்துக்கே வேண்டாம்.”

நிதாய் எழுந்து நின்று, தன்னை விட்டுவிட்டு மற்றவர்கள் போட்டுக்கொள்ளும்படி கெஞ்சினான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுற்றி நின்ற மற்ற வள்ளத்துக்காரர்களும் அசையவில்லை. திறந்த குப்பி ஐஸ் பெட்டியில் இருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. கூடவே, சொன்னால் நம்பமாட்டீர்கள், இந்த மனுஷர்களை நினைத்து நெஞ்சு விம்மியது.

வளையல்

அழுதால் வேலை நடக்காது. “ஏலே நிதாய், உன் பெண்டாட்டிகிட்ட போன் இருக்கா?” என்று கேட்டேன். இருந்தது. “படம் தெரியுத போனா?” அதுவும்தான்.

வீடியோவில் கூப்பிடச் சொன்னேன். முதலில் கிடைக்கவில்லை. இரண்டாவது முறையும் இல்லை. மூன்றாவது முறை ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. பின்னால் வாழைமரம், ஒரு ஆடு. நிதாய் ஏதோ சொன்னான். அவள் உள்ளே ஓடினாள். பெட்டி திறக்கிற சத்தம்கூடக் கேட்டது. கடற்கரையில் முப்பது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவள் அட்டையைத் திரைக்கு நேரே பிடித்தாள். போட்டோவும் பெயரும் தெரிந்தன. செல்வி குனிந்து பார்த்து, ஆள் இவர்தான் என்றாள். ஆனால் எண் மங்கலாக இருந்தது. போனில் அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் படிக்க, நிதாய் அதைத் தமிழில் சொல்ல, செல்வி தட்டினாள். எங்கள் கடற்கரைத் தமிழிலேயே சொன்னான். ஒரு இடத்தில் செல்வி தயங்கியபோது, “எட்டு, எட்டு, கடலு மாதிரி ரெண்டு எட்டு வருதுல்லா” என்றான். எட்டுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தமோ, எல்லோரும் சிரித்தோம்.

அப்போதுதான் மிக்கேல் அண்ணாச்சி போனுக்குக் கிட்டே வந்தார். அட்டையைப் பிடித்திருந்த அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் ஒரு வெள்ளை வளையல் கிடந்தது. அதையே உற்றுப் பார்த்தார்.

“ஏலே, அது சங்குல்லா” என்றார்.

ஆமாம், அங்கே கல்யாணமான பெண்களெல்லாம் சங்கு வளையல்தான் போடுவார்கள், தாலி மாதிரி என்றான் நிதாய். சங்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். தூத்துக்குடியிலிருந்துதான் வரும் என்று ஊரில் சொல்வார்கள் என்றான்.

மூன்று தலைமுறையாகக் கடலுக்கடியில் முத்தும் சங்கும் பொறுக்கிய குடும்பம். சங்கை மூட்டை கட்டிக் கொல்கத்தாவுக்கு அனுப்புவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அது ஒரு கையில் வளையலாக ஏறி அவர் பார்த்தது அன்றுதான். அந்தப் பெண் கணவனைத் தேடித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி அவளைப் பார்த்து, பழைய கதையில் வரும் மச்சான் மாதிரி, “நீ பயப்படாத தாயி. அவன் எங்க வள்ளத்துல இருக்கான்” என்றார். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தலையாட்டினாள்.

முதல் ஊசி நிதாய்க்கு. இரண்டாவது மிக்கேல் அண்ணாச்சிக்கு. ஆறு பேர் முடிந்ததும் குப்பியில் நாலு பேர் மருந்து மிச்சம். கேட்க வேண்டியதே இல்லை. பக்கத்து வள்ளத்துக்காரர்கள் தாங்களாகவே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். அன்றைக்கு இன்னும் இரண்டு குப்பி திறந்தேன், ஒரு சொட்டு வீணாகவில்லை. அடுத்தடுத்த சனிக்கிழமைகளில், என் நோட்டில் இருந்த அத்தனை வள்ளமும் முடிந்தது. எங்கள் அலுவலர் ஒரு சனிக்கிழமை தானே வந்து மணலில் நின்று பார்த்துவிட்டு, ‘மறுப்பு’ என்பதை எழுதவே வேண்டியிருக்கவில்லை என்று சிரித்தார்.

முகாமெல்லாம் முடிந்ததும் அந்த நோட்டுப் பக்கங்களைக் கிழித்து, அந்தந்த வள்ளத்துக்காரர்களிடமே கொடுத்துவிட்டேன். அவர்கள் கணக்கு, அவர்களிடம் இருக்கட்டும் என்று. அடுத்த சில மாதங்களில் நானும் ஓய்வுபெற்றேன்.

சாக்குப்பை

கேட்டுக்கு வெளியே நிதாய் பையை அவிழ்த்து, கையை உள்ளே விட்டு வெளியே எடுத்தான். மீன் இல்லை. சங்கு. பழுப்புத் தோல்கூடப் போகாத பெரிய சங்கு.

“மிக்கேல் அண்ணன் குடுத்துவிட்டாரு. இந்த வாரம் கெடச்சதுல பெருசு.”

“எனக்கு எதுக்குலே பங்கு? நான் வள்ளத்துல கால் வெச்சதே கெடயாதே” என்றேன். நிஜம்தான். அலையைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும்.

அவன் சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். என் நோட்டுப் பக்கம். மேலே ‘புனித அந்தோணி’ என்று என் கையெழுத்து. அதன் கீழே ஆறு பெயர்கள், பக்கத்தில் அவரவர் வேலை. ஆறாவது வரிக்குக் கீழே, வேறொருவர் கோணல்மாணலாக நீல மையில் ஏழாவது வரி எழுதியிருந்தார்.

பெயர், நர்சம்மா. வேலை, கரை.

“பேரு இருந்தா பங்கு உண்டுல்லா” என்றான் நிதாய்.

வற்றல் தட்டைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அந்தச் சங்கை வாங்கிக்கொண்டேன். கடல் வாடை அடித்தது. மூக்கைப் பொத்தவில்லை.

ஓய்வு பெறும்போது எனக்குச் சால்வை போட்டார்கள், கேடயம் கொடுத்தார்கள். எல்லாம் பீரோவுக்கு மேலே இருக்கிறது. சங்கு தலைவாசலில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்கிறார்கள். புனித அந்தோணி வள்ளத்தில் என்கிறேன். அம்மா கடலுக்கெல்லாம் போவீர்களா என்று ஆச்சரியப்படுகிறார்கள். இல்லை, என் வேலை கரையில் என்கிறேன்.